சீகை, உண்ணிச்செடி, பைன் ஊசி: மலையில் செய்த பொருள் சமவெளிக்குப் போனதும் ஏன் கெடுகிறது?

மன்னவனூர் கடைசல்

எல்லாருக்கும் வணக்கம். பழனி மலையில் வெட்டி அகற்றும் சீகை (வாட்டில்) மரத்தில் கிண்ணம் கடைகிறோம். விட்டம் 25 முதல் 30 செ.மீ., சுவர்க் கனம் 8 மி.மீ. கட்டையைக் கொட்டகையில் ஒரு வருடம் ஆறப்போட்ட பிறகே கடைசலில் ஏற்றுகிறோம். கொடைக்கானலில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. சென்னை, கோவை என்று போய் ஏசி ஓடும் கடையில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வாய் நீள்வட்டமாகிவிடுகிறது. சிலவற்றில் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மயிரிழைக் கீறல். பூச்சு ஆளிவிதை எண்ணெய் மூன்று கை, மேலே தேன்மெழுகு.

கோளாறு மரத்திலா, ஆறவைப்பதிலா, பூச்சிலா? பக்கத்தில் பைன் ஊசிக் கூடை பின்னும் பெண்கள் குழுவுக்கு வேறு சிக்கல்: கூடை உள்ளுக்குள் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. தெரிந்தவர்கள் இரண்டையும் பற்றிச் சொல்லுங்கள்.

வெலிங்டன் உளி

"ஒரு வருடம் ஆறியது" என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்தக் காற்றில் ஆறியது என்பதுதான் கணக்கு. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குச் சமமாக வந்ததும் அங்கேயே நின்றுவிடும். 20 டிகிரியில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் ஈரம் தங்கும். பத்து வருடம் போட்டு வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. ஏசி அறையில் காற்று 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீதத்துக்கு வர முயலும். உங்கள் கிண்ணம் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த மிச்ச ஈரத்தைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. 8 மி.மீ. சுவருக்கு அது இரண்டு வார வேலை.

மரம் சுருங்கத் தொடங்குவது ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு. பச்சை மரத்தின் ஈரம் அதற்கு மேலே எவ்வளவு குறைந்தாலும் அளவு மாறாது, எடை மட்டும் இறங்கும். ஆக 18-லிருந்து 9-க்கு வருவது என்றால் மொத்தச் சுருக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் பாக்கி. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் வட்டம் நீள்வட்டமாகிறது. ஒரு திசையில் 2.4 சதவீதம், மறு திசையில் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 30 செ.மீ. வாயில் மூன்றரை மி.மீ. வித்தியாசம் வரும். கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

கீறலுக்குக் காரணம் வேறு. பாதிக் கட்டையில் கடைந்த கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வந்தால் இரண்டு இடத்தில் நார்களின் வெட்டுமுகம் வெளியே தெரியும். அந்த இரண்டு இடத்திலும் ஈரம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். அங்கே சுருங்கிவிட்டது, பக்கத்தில் இன்னும் சுருங்கவில்லை, நடுவில் பிளக்கிறது. கட்டையின் நட்டநடு நெட்டி கிண்ணத்தில் எங்காவது இருந்தால் கீறல் நிச்சயம். நெட்டிக்கு இரு பக்கமும் குறைந்தது ஒன்றரை செ.மீ. கழித்துவிட்டுத்தான் பாளம் எடுக்க வேண்டும்.

பூச்சைப் பற்றி: ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் ஈரத்தைத் தடுப்பதில்லை, வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். எந்தப் பூச்சாலும் முழுக்கத் தடுக்க முடியாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

வெலிங்டன் உளி

(தொடர்ச்சி) செய்முறை. பச்சையாக இருக்கும்போதே கரடாகக் கடைந்து, ஆறவைத்து, மறுபடி கடைவது. சீகைக்கு வேறு வழி நம்பிக்கையாக இல்லை.

மரம் சாய்ந்த அன்றே வேண்டிய விட்டத்தைவிட 10 செ.மீ. கூடுதல் நீளமாகத் துண்டு போடுங்கள். இரண்டு வெட்டுமுகத்திலும் உருக்கிய பாரபின் மெழுகு, அது இல்லையென்றால் மீந்துபோன எனாமல் பெயின்ட் இரண்டு கை. பட்டையை உரித்துவிடுங்கள், பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும். ஒரு வாரத்துக்குள் கரட்டுக் கடைசல் முடிய வேண்டும். சுவர்க் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. அடி, பக்கம், விளிம்பு மூன்றும் ஒரே கனம். அடி மட்டும் தடித்திருந்தால் அங்கிருந்து வெடிக்கும். சக்கு, அதாவது கடைசல் எந்திரத்தின் பிடி, பிடிக்கும் முனையைச் சற்றுப் பெரிதாக விடுங்கள், அதுவும் நீள்வட்டமாகும், பிறகு வட்டமாக்கிக்கொள்ள இடம் வேண்டும்.

வெட்டுமுகம் தெரியும் இரண்டு இடத்துக்கு மட்டும் மெழுகு. பிறகு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து, காற்று நேராக அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். கடைந்த சீவலோடு சேர்த்துப் பையில் போடுவது பல ஊரில் வழக்கம். மழைக்காலத்தில் நம் மலையில் அதைச் செய்யாதீர்கள். ஈரச் சீவல் மூன்றாம் நாளே பூஞ்சணம் கட்டி மரத்தில் நீலக் கறை ஏற்றும். பழைய நாளிதழைச் சுற்றி, தாள் நனைந்தால் மாற்றுவது போதும்.

அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் ஐந்து கிராமுக்குள் நின்றால் மலைக் காற்றோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம். அதாவது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு உலர்பெட்டி.

பூம்பாறை ஊசி

உலர்பெட்டி எப்படி அமைப்பது? பழைய ஃப்ரிட்ஜுக்குள் பல்பு போடுவதாகச் சொல்கிறார்கள். 100 வாட் வேண்டுமா, 60 போதுமா?

பண்ணைக்காட்டுத் தச்சு

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் நல்ல பெட்டி. கம்ப்ரஸரையும் கேஸையும் மெக்கானிக்கை வைத்து முறையாக எடுத்துவிடுங்கள். கீழே நான்கு, மேலே நான்கு, 12 மி.மீ. துளை. பல்பு அடித்தட்டில், பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பல்புக்கு மேலே ஒரு தகரத்தை மறைப்பாக வையுங்கள், நேர் சூடு கிண்ணத்தில் படக் கூடாது. எல்இடி பல்பு உதவாது, அதில் சூடு இல்லை. பழைய இழை பல்புதான் வேண்டும், அல்லது கோழிக்குஞ்சுக்கு வைக்கும் பீங்கான் சூடேற்றி. 60 வாட் போட்டு 40 டிகிரிக்கு வைத்தால் சீக்கிரம் முடியும்.

வெலிங்டன் உளி

பெட்டி அமைப்பு சரி, 40 டிகிரி தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 15 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 46 சதவீதமாக இறங்கிவிடும். 28 டிகிரியில் 38. 35 டிகிரியிலேயே 26-க்கு வந்துவிடும், அந்தக் காற்றில் மரம் 5 சதவீதத்தை நோக்கி ஓடும். 40 இன்னும் மோசம். அது சென்னை ஏசி அறையைவிடக் காய்ந்த காற்று. கிண்ணம் பெட்டிக்குள்ளேயே வெடிக்கும். வெடிக்காமல் வெளியே வந்தாலும் ஈரத்தை மறுபடி இழுத்து உப்பும்.

நமக்கு வேண்டியது வெளியைவிடப் பத்து டிகிரி கூடுதல், அவ்வளவுதான். முட்டை பொரிக்கும் பெட்டிக்கு விற்கும் மலிவு தெர்மோஸ்டாட் ஒன்றும், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானி ஒன்றும் போதும். முதல் வாரம் மேல்துளைகளில் மூன்றை அடைத்து 20 டிகிரி. அடுத்த வாரம் 25, துளைகளைத் திறந்துவிடுங்கள். பிறகு எடை நிற்கும்வரை 25-க்கும் 28-க்கும் இடையில். ஈரமானி 45-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் பெட்டி சரியாக ஓடுகிறது. இந்த அளவுக்கு 40 வாட் பல்பே மிச்சம்.

பண்ணைக்காட்டுத் தச்சு

கணக்கை ஏற்கிறேன். 40 டிகிரி நான் சொன்னது பலகைக்கு. 4 செ.மீ. பலகையை அடுக்கி வைத்து நாள்பட உலர்த்தும்போது அது செல்லும், கடைந்த பொருளுக்கு இறக்கித்தான் வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீள்வட்டமாவதைக் குறை என்றே ஏன் பார்க்க வேண்டும்? பச்சைக் கட்டையில் ஒரே மூச்சில் 4 மி.மீ. சுவர்வரை கடைந்து விட்டால் அது வெடிக்காது, வளையும். சுவர் மெலிந்திருப்பதால் உள்ளும் புறமும் சேர்ந்தே காய்கிறது, இழுபறி இல்லை. வாய் ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் தாழும். இன்றைக்குக் கடைசல் கலைஞர்களில் பலர் அந்த வளைவை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். நெட்டி பாளத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்தாலே எப்படி வளையும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். விளிம்பு பட்டைப் பக்கம் இருந்தால் வெட்டுமுகம் உள்ள இரண்டு ஓரம் இறங்கும், மற்ற இரண்டு ஓரம் தூக்கி நிற்கும். அடியில் மூன்று சிறு கால் விட்டுவிட்டால் வளைந்த பிறகும் ஆடாமல் உட்காரும்.

இதற்கு நிபந்தனை: ஒரே நாளில் முடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போவதென்றால் ஈரத்துணி போட்டு மூடிவிட்டுப் போங்கள். ஈர மரத்தில் உப்புத்தாள் உடனே அடைத்துக்கொள்ளும், தண்ணீர்த் தாளை நனைத்துத் தேய்ப்பதே வழி.

மன்னவனூர் கடைசல்

இரண்டு முறையையும் எடுத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசைக் கிண்ணத்துக்குக் கரட்டுக் கடைசல், காட்சிப் பொருளுக்கு மெல்லிய சுவர். ஏற்கனவே கீறல் விட்டவற்றில் எபாக்சி ரெசின் ஊற்றி அடைக்கலாமா? கடைக்காரர்கள் நீல நிற ரெசின் கேட்கிறார்கள்.

பண்ணைக்காட்டுத் தச்சு

கூடாது. மரம் இன்னும் 9 சதவீதத்துக்கு வராதபோது ரெசின் ஊற்றினால் மரம் மேலும் சுருங்கும், ரெசின் சுருங்காது, ஒட்டிய ஓரத்தில் புதிய கீறல் வரும். முதலில் பெட்டியில் வைத்து எடை நிற்கட்டும். பிறகும் ரெசினைவிடத் தையல் நல்லது: கீறலின் இரு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டு மெழுகு நூலாலோ செம்புக் கம்பியாலோ கட்டுவது. அசைய இடம் இருக்கும், பார்க்கவும் நேர்மையாக இருக்கும். கீறலின் நுனியில் ஒரு சிறு துளை போட்டால் மேலே ஓடாது. நீல ரெசின் ஆறு ஓடும் மேசை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறது, சீகை மரத்தின் பழுப்புக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை.

கூடலூர் கொடி

சீகையின் பழுப்பு என்று வந்ததால் ஒரு சேர்க்கை. சீகைப் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிக அதிகம், தோல் பதனிடவே இந்த மரத்தை மலைக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். உரித்த பட்டையை எறியாதீர்கள். 100 கிராம் பட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் வைத்து வடிகட்டுங்கள். தனியாக, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்பில் கழுவிய மெல்லிய இரும்புப் பஞ்சு ஒன்றை அரை லிட்டர் வினிகரில் ஒரு வாரம் ஊறவையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு கிளம்பும்.

மரத்தை ஒருமுறை நனைத்து, காயவிட்டு, எழும்பிய நாரை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பட்டைச் சாறு ஒரு கை, காய்ந்ததும் இரும்பு நீர் ஒரு கை. நிமிடக் கணக்கில் கருநீலம் ஏறிக் கறுப்பாகும். பூச்சு அல்ல, மரத்துக்குள் நடக்கும் ரசாயன மாற்றம், அதனால் உரியாது, ரேகையும் மறையாது. இரும்பு நீர் மிஞ்சினால் துருவின் செம்பழுப்பு மேலே தெரியும். அப்போது மறுபடி பட்டைச் சாறு தடவினால் சரியாகும். சாப்பாட்டுப் பாத்திரத்தின் உள்பக்கம் இதைச் செய்ய வேண்டாம். வெளிப்பக்கம் கறுப்பு, உள்ளே மரத்தின் நிறம் என்று விட்டால் பொருளே எடுத்து நிற்கும். உள்பக்கத்துக்கு மருந்துக்கடை லிக்விட் பாரபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கித் தடவலாம்.

மன்னவனூர் கடைசல்

நன்றி. கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடியில் ஆளுயர யானை செய்கிறார்களே, அந்த முறையை நாற்காலி, விளக்குக் கூடு போன்றவற்றுக்கு எடுக்க முடியுமா? இங்கே கீழ்ப்பழனி மலையில் உண்ணி புதராகக் கிடக்கிறது.

கூடலூர் கொடி

முடியும். அந்த யானைகளை நிஜக் காட்டு யானைகளின் உருவத்தைப் பார்த்துச் செய்கிறார்கள், நிஜ அளவிலேயே. பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்களின் வேலை. 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-ல் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி ஊர் ஊராகப் போயின. உள்ளே இரும்புச் சட்டம், மேலே தண்டு. அருகில் நின்று பார்த்தால் தண்டுகள் குறுக்கே போகாமல் உடம்பின் ஓட்டத்தோடு போவது தெரியும். தோள் எங்கே திரள்கிறதோ அங்கே தண்டும் வளைந்து திரள்கிறது. நாற்காலிக்கும் அதே பாடம்: தண்டை அதன் இயல்பான வளைவுக்கு எதிராக இழுத்து ஆணி அடித்தால் ஒரு மழைக்காலத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

செய்முறை இப்படி. கட்டைவிரல் கனத் தண்டு கால்களுக்கும் சட்டத்துக்கும், சுண்டுவிரல் கனம் நிரவலுக்கு. முள் பின்னோக்கி வளைந்திருக்கும், தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இலையையும் காயையும் வெட்டிய இடத்திலேயே கழித்துவிட வேண்டும். காயோடு தூக்கி வந்தால் வழிநெடுக விதைத்துக்கொண்டு வருவதாகும். இலை மாட்டுக்கு நஞ்சு, ஈரலைக் கெடுத்து வெயில் பட்ட தோலைப் புண்ணாக்கும், பட்டறை வாசலில் குவிக்கக் கூடாது.

200 லிட்டர் டிரம்மை நெடுக்கில் பிளந்தால் நல்ல தொட்டி. தண்ணீர் கொதித்ததும் கட்டுக்கட்டாக அமிழ்த்தி மேலே கல் வையுங்கள். சுண்டுவிரல் கனம் ஒரு மணி நேரம், கட்டைவிரல் கனம் இரண்டு மணி நேரம். நகத்தால் அழுத்தினால் பட்டை வழுக்கிக்கொண்டு வர வேண்டும், அதுதான் பதம். சூடு ஆறுவதற்குள் உரித்துவிடுங்கள். ஆறினால் பட்டை மறுபடி பிடித்துக்கொள்ளும், கத்தியால் சுரண்ட வேண்டிவரும், சுரண்டிய தண்டு வளைக்கும்போது அந்த இடத்தில் முறியும். கொதியல் தண்டுக்குள் இருக்கும் பூச்சியையும் முட்டையையும் கொன்றுவிடும்.

வளைக்கும் ஆரம் தண்டின் விட்டத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் கணுவில் உடையும். பலகையில் ஆணி வரிசை அடித்து அதைச் சுற்றி வளைத்து, கம்பியால் கட்டி, ஒரு வாரம் நிழலில் விடுங்கள். பலர் ஈரத்தோடே வளைத்து ஈரத்தோடே ஆணி அடிக்கிறார்கள். காய்ந்ததும் தண்டு மெலியும், ஆணி ஓட்டை அப்படியே நிற்கும், நாற்காலி கிறீச்சிடும். முதலில் வளை, பிறகு காயவை, அப்புறம்தான் சேர். ஆணிக்கு முன்னால் மெல்லிய துரப்பணத்தால் ஓட்டை போட்டே ஆக வேண்டும், உண்ணி நெடுக்கில் சட்டென்று பிளக்கும். கால் நுனி மண்ணிலோ ஈரத் தரையிலோ படக் கூடாது, ரப்பர் புஷ் மாட்டுங்கள்.

பண்ணைக்காட்டுத் தச்சு

உண்ணியை வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்குமே? தண்டு மட்டும் எடுத்துக்கொண்டு போவது காட்டுக்கு உதவியா, உபத்திரவமா?

கூடலூர் கொடி

தண்டு மட்டும் எடுத்தால் உபத்திரவம்தான், இதை மழுப்பக் கூடாது. வெட்டிய தூரில் துளிர்க்கும் இளந்தண்டு நேராக, கணு குறைவாக வரும். கைவேலைக்கு அதுதான் அருமையான சரக்கு. அதனால் தூரை விட்டுவைக்கும் ஆசை வரும். காட்டுக்கு வேண்டியது தூர் போவது. இந்த இரண்டுக்கும் நடுவில் கைவினைஞர் ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும், என் கருத்தில் அது காட்டின் பக்கம்.

மண்மட்டத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் மூலவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகப் புரட்டி வைத்துக் காயவிடுவது நல்ல முறை. குழி தோண்டி மண்ணைக் கிளறினால் புதைந்து கிடக்கும் விதை முளைக்கும், அதனால் கிளறாமல் வெட்டுவதே நல்லது. அடுத்த இரண்டு மழைக்கு முளைக்கும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும், வெறுமையான இடத்தில் அந்த மண்ணின் புல்லையோ மரக்கன்றையோ வைக்க வேண்டும். வளைந்த பழைய தண்டை வைத்து வேலை செய்யக் கற்றுக்கொண்டால் தூரை விட்டுவைக்கத் தேவையே இல்லை. யானை உருவங்கள் அதற்குத்தான் அத்தாட்சி, நேர்த்தண்டு கேட்காத வடிவம் அது.

வெலிங்டன் உளி

அனுமதி விஷயம் யாரும் சொல்லவில்லை. காப்புக்காட்டிலிருந்து தண்டோ ஊசியோ கட்டையோ வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது, அந்நியச் செடி என்பது விலக்கு ஆகாது. பட்டா நிலத்து மரத்துக்கும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வெட்டும் முன் அனுமதி வேண்டும். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அகற்றும் வேலை நடக்கும் இடத்தில் ரேஞ்சர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்குவதே முறை. ரசீதையும் போக்குவரத்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடைகள் இருக்கின்றன.

பூம்பாறை ஊசி

பைன் ஊசிக் கூடைக்கு வருகிறேன். கொடைக்கானல் பக்கம் நிறைய நிற்பது பாட்டுலா பைன், மெக்சிகோ மரம். ஊசி மூன்று மூன்றாகச் சேர்ந்து தொங்கும், நீளம் 15 முதல் 25 செ.மீ., மெல்லியது. இமயமலைச் சீர் பைன் ஊசி இன்னும் நீளம், தடிப்பும் கூட. அந்த ஊசிக்கு எழுதிய அளவை இங்கே அப்படியே எடுத்தால் சுருள் நொய்ந்துபோகும், எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

கறுப்பதற்குக் காரணம் சேகரிக்கும் காலமும் ஊறவைக்கும் முறையும். மழையில் நனைந்து மண்ணோடு கிடந்த ஊசியில் பூஞ்சணம் ஏற்கனவே உள்ளே போயிருக்கும், கழுவினால் போகாது. பிப்ரவரி, மார்ச்சில் புதிதாக விழுந்த, இன்னும் மினுக்கம் உள்ள செம்பழுப்பு ஊசியை மேலாக அள்ளுங்கள். தட்டி, சோப்பு நீரில் அலசி, ஒரே திசையில் அடுக்கி, நிழலில் காயவைத்து, அட்டைப்பெட்டியில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் அங்கேயே வியர்த்துக் கெடும்.

ஊறவைப்பது: கொதித்து இறக்கிய நீரில் அரை மணி நேரம், பிறகு துண்டில் சுருட்டி இரண்டு மூன்று மணி நேரம். விரலில் சுற்றினால் ஒடியாமல் இருக்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. இரவு முழுவதும் ஊறப்போடுவது பல குழுக்களில் பழக்கமாகிவிட்டது. தண்ணீர் குடித்த ஊசியை இறுக்கித் தைத்தால் சுருளின் நடுப்பகுதி பல நாள் காயாது. நவம்பர் மூடுபனியில் காயவே காயாது. கறுப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஊசியின் அடிக்குப்பியை, அதாவது மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் உறையை, உருவி எடுத்துவிடுங்கள், ஈரம் அதில் தங்கும்.

சுருளின் கனம் மாறாமலிருக்க 6 மி.மீ. உள்விட்டமுள்ள உறிஞ்சுகுழல் துண்டை அளவியாக மாட்டி, அதன் வழியாக ஊசியைச் செலுத்துங்கள். குழல் தளர்ந்தவுடன் நடுவில் ஒரு கொத்தைச் செருக வேண்டும். ஓரத்தில் செருகினால் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நூல் மெழுகு தடவிய பருத்தி. ஒவ்வொரு தையலும் கீழ்வரிசைத் தையலை நடுவில் பிளந்து போனால் சக்கரக் கம்பிகள் போல் கோடு விழும். வட்டம் பெரிதாகப் பெரிதாக இடைவெளி அகலும், ஒரு செ.மீ. தாண்டினால் நடுவில் புதுத் தையல் வரிசை ஒன்று தொடங்குங்கள்.

அன்றன்று பின்னியதை அன்றே காற்றில் வைக்க வேண்டும். முடிந்த கூடையை மேலே சொன்ன அதே உலர்பெட்டியில் ஓரிரு நாள் வைத்த பிறகுதான் பூச்சு. அரக்கு 100 கிராம், பாலிஷ் ஸ்பிரிட் ஒரு லிட்டர், மெல்லியதாக இரண்டு கை. மழை நாளிலோ மாலையிலோ அரக்குத் தடவினால் காற்றின் ஈரத்தில் வெண்மை படரும். வெயில் ஏறிய நேரம்தான் அதற்கு உரியது.

மன்னவனூர் கடைசல்

மிகவும் பயனுள்ள விவரம், அக்கா. அவர்களிடம் அப்படியே படித்துக் காட்டுகிறேன். அந்தக் கூடை மூடிக்கும் கிண்ணத்தின் வெளிப்பக்கத்துக்கும் தோடர் பூவேலைக் கோலத்தை லேசரில் செதுக்கித் தரச் சொல்லி ஒரு கடை கேட்கிறது. செய்யலாமா?

கோத்தகிரி நூல்

செய்யாதீர்கள். தோடர் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது தோடர் பெண்களின் வேலை. பூத்துக்குளிப் போர்வையில் அந்தக் கோலத்துக்கு இடமும் முறையும் உண்டு. கிண்ணத்தில் சுட்டுப் போட அது பொது அலங்காரம் அல்ல.

வேலையின் தன்மையைப் பார்த்தாலும் லேசரில் ஒன்றும் மிஞ்சாது. வரைபடம், சட்டம் எதுவும் இல்லாமல், தளர்வாக நெய்த பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். ஊசி திரும்பும் இடத்தில் நூலைச் சற்றுத் தளர விடுவதால் தடவினால் கோலம் மேடாகத் தட்டுப்படும். அந்த மேடுதான் அதன் அழகு. தட்டைக் கோட்டில் அது செத்துப்போகும்.

வேண்டுமென்றால் முறையாகக் கூலி பேசி, தைத்தவரின் பெயரைப் பொருளோடு போட ஒப்புக்கொண்டு, துணியாகவே வாங்கி மூடியில் பொருத்துங்கள். ஒட்டுப் பசை வேண்டாம், பசை பருத்தியில் ஊறி மஞ்சளாகும். துணியை வட்டத் தகட்டின் பின்னால் மடித்து எதிரெதிர் ஓரத்தை நூலால் இழுத்துக் கட்டுங்கள். தேவைப்பட்டால் கழற்றித் துவைக்கலாம். மரத்தோடு துணி நேராக ஒட்டியிருந்தால் டானின் கறை ஏறும், நடுவில் துவைத்த காடாத் துணி ஒரு மடிப்பு வையுங்கள்.

மன்னவனூர் கடைசல்

சரி, அந்தக் கடைக்கு அப்படியே பதில் சொல்லிவிடுகிறேன். கடைசியாக இரண்டு கேள்வி. மரத்தின் வெள்ளைப் பகுதியில் உளு விழுகிறது, அதற்கு என்ன? சந்தையில் வாங்கும் ஈரமானிகள் ஒன்றுக்கொன்று பத்துப் புள்ளி வித்தியாசம் காட்டுகின்றன, எதை நம்புவது?

பண்ணைக்காட்டுத் தச்சு

உளுவுக்கு: வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பச்சைக் கட்டையை அதில் அமிழ்த்துங்கள். மரம் ஈரமாக இருக்கும்போதே செய்தால்தான் உள்ளே இறங்கும். விளக்குத் தண்டு, பொம்மைச் சட்டம், நாற்காலிக்கு இது சரி. உணவு வைக்கும் பொருளுக்கு வெள்ளைப் பகுதியையே கழித்துவிட்டு வைரத்தில், அதாவது உள்ளே இருக்கும் கருத்த மரத்தில், மட்டும் கடையுங்கள்.

வெலிங்டன் உளி

ஈரமானிக்கு உப்புச் சோதனை. பாட்டில் மூடி ஒன்றில் சாதாரணக் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவில் வைத்து, வெயில் படாத இடத்தில் இரவு முழுவதும் விடுங்கள். டப்பாவுக்குள் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 81 காட்டினால் அது ஆறு கூட்டிக் காட்டுகிறது. "கழி 6" என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிட்டு உலர்பெட்டியில் மாட்டுங்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள், மலிவுக் கருவியின் பிழை நாளாக ஆக நகரும்.